உபதொழில் பரீட்சையில் முதல் வகுப்பு

மில்லை மூடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. கதவைச் சாத்திப் பூட்டைப் போட்டால் முடிந்தது. சாத்திய கதவுக்கு வெளியே எழுநூறு பேர் நின்றுகொண்டு, “சோத்துக்கு என்னங்க பண்றது?” என்று கேட்கிறார்களே, அதுதான் தொந்தரவு. அவிநாசி ரோட்டு ஸ்ரீ ஜெயகுஞ்சர மில்லின் மானேஜிங் டைரக்டர் ராவ்பகதூர் வெங்கடபதி அவர்களுக்கு அந்தத் தொந்தரவு ஒரே வருஷத்தில் இரண்டு தடவை வந்துவிட்டது. ஆனியில் நூல் விலை விழுந்துவிட்டதென்று இருபது நாள் பூட்டினார். ஐப்பசியில் பஞ்சு விலை ஏறிவிட்டதென்று பதினெட்டு நாள் பூட்டினார். இரண்டு தடவையும் அவருடைய கார் கேட்டைத் தாண்டுவதற்குள் சனங்கள் சூழ்ந்துகொண்டு முகத்தை முகத்தைக் காட்டினார்கள். ராவ்பகதூருக்கு இளகின மனசு. பட்டினி கிடக்கிறவனைக் கண்ணால் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் கண்டித்தும்விட்டார்.

ஆகவே தை மாதம் பொங்கல் கழிந்த மறுநாள் மில் மைதானத்தில் பந்தல் போட்டு, மாவிலை கட்டி, உபதொழில் இலாகா என்ற ஒன்றைத் திறந்து வைத்தார். அன்றைக்கு அவர் பேசிய பேச்சை அச்சடித்து ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள். மற்றவர்கள் பொரிகடலை மடிக்க வைத்துக்கொண்டார்கள்.

“சகோதரர்களே! மில் என்பது ஒரு குடும்பம். குடும்பத் தலைவன் திடீரென்று கண்ணை மூடிவிட்டால் பிள்ளைகள் தவிக்கக் கூடாது. ஆகையால் நான் எப்போது வேண்டுமானாலும் கண்ணை மூடிக்கொள்வதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். உங்களுக்கு ஒரே தொழில்தான் தெரியும் என்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசித்தீர்களா? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மில் போனால் எனக்கு ஜின்னிங் பாக்டரி இருக்கிறது. அது போனால் தோட்டம் இருக்கிறது. அதுவும் போனால் மாமனார் இருக்கிறார். இந்த முன்யோசனை உங்களில் ஒருவருக்காவது இருந்ததா?”

ஒருவருக்கும் இருக்கவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ரிங் பிரேம் தொழிலாளி மருதாசலமும் குனிந்துகொண்டான். அவனுக்கு இருந்த ஒரே மாமனார் போன வருஷந்தான் காலமாகியிருந்தார்.

மருதாசலத்துக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். கருமத்தம்பட்டிப் பக்கத்துக்காரன். மில்லில் சேர்ந்து ஒன்பது வருஷம். நூல் நூற்கிற ரிங் பிரேமில் ஒரு பக்கம் அவன் பொறுப்பு. நூறு கதிர்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போது எந்தக் கதிரில் இழை அறுந்தது என்று பார்க்காமலே தெரியும் அவனுக்கு. போகிற போக்கில் விரலால் தொட்டு ஒட்டிவிட்டு நடப்பான். அந்த வேலை அவனுக்குப் பிடித்திருந்தது. வேலை பிடித்திருக்கிறது என்று வெளியே சொல்வது ஆண்பிள்ளைக்கு அழகில்லை என்று நினைத்ததால் பெண்டாட்டி பூவாத்தாளிடம்கூட அவன் சொன்னதில்லை.

இலாகாவுக்கு ஒரு அறை, பச்சைத் துணி விரித்த மேஜை, மேலே சுற்றுகிற விசிறி, தட்டினால் டிங்கென்று சத்தம் போடுகிற மணி, இவ்வளவும் வந்தன. இவற்றுக்கு நடுவில் சூப்பரிண்டெண்ட் சுப்பையன், பி.ஏ., வந்து உட்கார்ந்தார். ராவ்பகதூரின் பங்காளி வீட்டு மாப்பிள்ளை. சர்க்கார் உத்தியோகத்துக்கு மூன்று தடவை பரீட்சை எழுதி, மூன்று தடவையும் வினாத்தாளில் குற்றம் கண்டுபிடித்துவிட்டு வந்தவர். அவர் இருபது விதிகள் எழுதினார். அதில் மூன்று முக்கியமானவை. மூன்றாம் விதி: பங்குனிக்குள் ஒவ்வொரு தொழிலாளியும் தனக்கு இன்னொரு தொழில் தெரியும் என்று பரீட்சை கொடுத்துச் சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும், வாங்காதவனுக்கு மில் வேலை கிடையாது. ஏழாம் விதி: மில்லில் இருக்கிறவன் வேறு எந்தத் தொழிலும் செய்யக் கூடாது, செய்தால் மில் வேலை கிடையாது. பத்தொன்பதாம் விதி: இலாகாவானது சந்திர சூரியர் உள்ளவரை நிலைத்திருக்கும் என்பதால் இலாகா அதிகாரிகளுக்கு உபதொழில் தேவையில்லை.

மருதாசலத்துக்கு மூன்றும் ஏழும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதுபோல் பட்டது. பயந்து பயந்து கேட்டான். சுப்பையன் சிரித்தார்.

“தெரிந்திருக்க வேண்டும், செய்யக் கூடாது. நீச்சல் தெரிந்தவன் தினம் ஆற்றில் விழுந்துகொண்டா இருக்கிறான்?” என்றார்.

பூவாத்தாள் ஏற்கெனவே ஒரு தொழில் செய்துகொண்டிருந்தாள். மில் கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் காலை ஷிப்டு ஆட்களுக்கு இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பாலும் வெல்லமும் விட்டுத் தருவாள். மில் பூட்டிய முப்பத்தெட்டு நாளும் வீட்டில் உலை வைத்தது அந்தச் சந்தகைதான். அதையே எழுதிக் கொடுத்துவிட்டால் போயிற்று என்றாள் அவள். மருதாசலம் போய்ச் சொன்னான். சுப்பையன் அட்டவணையைப் புரட்டினார். சீமைப் புஸ்தகம் ஒன்றைப் பார்த்துத் தயாரித்த அட்டவணை அது. நாற்பத்தோரு தொழில்கள் இருந்தன. கலங்கரை விளக்கம் ஏற்றுகிறவன் இருந்தான், திமிங்கிலம் பிடிக்கிறவன் இருந்தான். சந்தகை இல்லை. அதோடு அது பெண்டாட்டி தொழில், புருஷன் கணக்கில் சேராது என்றும் சொல்லிவிட்டார்.

“அப்படீன்னா கவலை ஓட்டுவேனுங்க,” என்றான் மருதாசலம்.

கிணற்றிலிருந்து எருதுகளைப் பூட்டித் தண்ணீர் இறைக்கிறதைத்தான் சொன்னான். மில்லுக்கு வருகிறதற்கு முன்னால் கருமத்தம்பட்டி பாலுசாமிக் கவுண்டர் தோட்டத்தில் அதுதான் அவன் பிழைப்பு. சரிவில் எருதுகள் இறங்கினால் கிணற்றிலிருந்து பறி நிறையத் தண்ணீர் மேலே வரும். இழுக்கிற வடத்தின்மேல் ஓட்டுகிறவன் ஏறி உட்கார்ந்துகொள்வான், அவன் பாரமும் சேர்ந்து இழுக்கட்டுமென்று. தண்ணீர் கொட்டியதும் எருதுகள் பின்னாலேயே நடந்து சரிவேற வேண்டும். முன்னால் போக எந்த மாடும் போகும். பின்னால் நடக்கப் பழக்குவதில்தான் இருக்கிறது வித்தை.

அதுவும் அட்டவணையில் இல்லை. ஆனால் ‘நீரியல், மிருக விசை’ என்று ஒரு தலைப்பு இருந்தது. சுப்பையன் அதில் எழுதிக்கொண்டு ஆதாரம் கேட்டார். மருதாசலம் வேட்டியை ஒதுக்கி, வடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து தொடையில் கன்றிப்போன காய்ப்பைக் காட்டினான். சுப்பையன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

“இதை பைலில் சேர்க்க முடியாது,” என்றார்.

ஆக, செய்முறைப் பரீட்சை என்று முடிவாயிற்று.

மாசி மாதம் பரீட்சை நடந்தது. பரீட்சகர் ரிட்டயரான ஒரு தாசில்தார். அவர் முன்னால் முதலில் வந்தவன் நஞ்சுண்டன். மருதாசலத்துக்கு அடுத்த பிரேமில் நிற்கிறவன், வாய்த்துடுக்குக்காரன். தன் உபதொழில் ஜோசியம் என்று எழுதிக் கொடுத்திருந்தான். உட்கார்ந்த இடத்தில் செய்யலாம், முதல் வேண்டாம், தப்பினாலும் கிரகத்தின்மேல் போட்டுவிடலாம் என்பது அவன் கணக்கு. தாசில்தார் மில்லின் எதிர்காலத்தைச் சொல்லச் சொன்னார். நஞ்சுண்டன் விரலை மடக்கி மடக்கிப் பார்த்து, சித்திரை மாதம் மில்லில் ஆள் குறைப்பார்கள் என்றான். வீண் பீதி கிளப்பினதற்காக அவனைத் தேறவில்லை என்று எழுதித் துரத்திவிட்டார்கள்.

அடுத்தது மருதாசலம். கவலை ஓட்டக் கிணறு வேண்டும். பஞ்சுக் கிடங்குக்கு மூட்டை ஏற்றுகிற சரிவின் மேல்முனையில் சுண்ணாம்பினால் ஒரு வட்டம் போட்டு அதைக் கிணறென்று தீர்மானித்தார்கள். பறிக்குப் பதில் தீயணைக்க மணல் கொட்டி வைத்திருந்த சிவப்பு வாளி. எருதுக்குத்தான் தகராறு. ஒரு ஜோடி எருது வேண்டுமென்று சுப்பையன் ஹெட் ஆபீசுக்கு எழுத, மின்சாரத்தில் ஓடாத யந்திரங்களைப் புதிதாக வாங்குவதற்கில்லை என்று பதில் வந்திருந்தது. எனவே கேட் வாட்ச்மேன்கள் இரண்டு பேரை, காக்கி உடுப்பும் முண்டாசுமாக, ஒரு மூங்கிலில் பூட்டி நிறுத்தியிருந்தார்கள்.

மருதாசலத்துக்குச் சங்கடமாகப் போய்விட்டது. தினம் சாயங்காலம் அவன் மடியைத் தடவிப் பார்த்து வெளியே விடுகிற வாட்ச்மேன்கள் அவர்கள். ஒருவர் பட்டாளத்தில் இருந்தவர். எருதை அதட்டுகிற மாதிரி அவர்களை எப்படி அதட்டுகிறது? நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டாமா? வடத்தைக் கையில் பிடித்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்:

“ஏனுங்க, சித்தெ எறங்குங்க. மெதுவாப் போங்க. போதுமுங்க, நில்லுங்க. இப்பப் பொறகால வாங்க. பாத்துங்க, கல்லு கெடக்குது.”

எருதுகளை இத்தனை மரியாதையாக நடத்துகிறவனைத் தன் சர்வீசிலேயே பார்த்ததில்லை என்று தாசில்தார் பத்து மார்க் சேர்த்துப் போட்டார். பிறகு, கிணற்றின் ஆழம் என்ன என்று கேட்டார்.

“அது கோடுங்க,” என்றான் மருதாசலம்.

ஆழத்தைப் பற்றிய அறிவு துல்லியம் என்று அதற்கும் பத்து மார்க். மூன்றாவது இறைப்பில், வழக்கம்போல் அவன் வடத்தில் ஏறி உட்கார்ந்தான். பாரம் தாங்காமல் பட்டாளத்துக்காரர் மல்லாந்தார், வாளி கவிழ்ந்தது, மணல் முழுக்கச் சரிவில் கொட்டிற்று. பாசனம் ஆகிவிட்டதாகத் தாசில்தார் எழுதிக்கொண்டார். முதல் வகுப்பு!

பங்குனி உத்திரத்தன்று சர்ட்டிபிகேட் வழங்குகிற விழா. முதல் வகுப்பில் தேறிய அறுபத்திரண்டு பேருக்கும் மாலை போட்டு, வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். தேறாதவர்கள் பந்தலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். நஞ்சுண்டனுக்கு அவமானமாகப் போய்விட்டது. மருதாசலம் சர்ட்டிபிகேட்டைச் சட்டம் போட்டு வீட்டில் மருதமலை முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். பூவாத்தாள் அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டினாள். இத்தனை வருஷத்தில் அவன் பெயர் போட்டு அந்த வீட்டுக்குள் வந்த முதல் காகிதம் அதுதான்.

சித்திரை பிறந்தது. நூல் விலை விழுந்தது. நஞ்சுண்டன் சொன்னது அட்சரம் பிசகாமல் பலித்தது. அறுபத்திரண்டு பேருக்கு வேலை இல்லை என்று கேட்டில் ஒரு பட்டியலை ஒட்டினார்கள். முதல் பெயர் மருதாசலம்.

ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று மருதாசலம் சட்டம் போட்ட சர்ட்டிபிகேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இலாகாவுக்கு ஓடினான். சுப்பையன் அவனை உட்காரச் சொல்லி, பொறுமையாக விளக்கினார். மனுஷனுக்குக் கோபமே வராது.

“மில்லுக்கும் தர்மம் என்று ஒன்று உண்டு. தேறாதவனை அனுப்பினால் அவன் பட்டினி கிடப்பான். அந்தப் பாவம் ராவ்பகதூருக்கு. தேறினவனை அனுப்பினால் ஒருவருக்கும் பாவமில்லை. அதிலும் உன் மாதிரி நன்றாகத் தேறினவனை அனுப்புகிறதில் எங்களுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? நேற்று ராத்திரி ராவ்பகதூர் இரண்டு தரம் சாதம் போட்டுக்கொண்டார்.”

“அப்பத் தேறாம இருந்திருந்தா எனக்கு வேலை இருந்திருக்குமுங்களா?”

“தேறாதவர்களுக்குக் கருணை அடிப்படையில் ஒரு வருஷம் தவணை கொடுத்திருக்கிறோம். நீதான் தேறிவிட்டாயே,” என்று சொல்லிக் கையைக் குலுக்கினார் சுப்பையன்.

பத்து நாள் மருதாசலம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சங்கு ஊதும்போதெல்லாம் அவன் கால்கள் தானாக எழுந்து நின்றன. பிறகு பூவாத்தாள் சொன்னதன்பேரில், சர்ட்டிபிகேட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கருமத்தம்பட்டிக்கு நடந்தான்.

பாலுசாமிக் கவுண்டர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மோர் கொடுக்கச் சொல்லி, வந்த காரியம் விசாரித்தார். மருதாசலம் சர்ட்டிபிகேட்டை நீட்டினான். கவுண்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏப்பா, நீ கவல ஓட்டறது எனக்குத் தெரியாதா? இந்தக் கெணத்துல பத்து வருசம் ஓட்டுன ஆளு நீ. இதைப் போயி மில்லுக்காரங்கிட்டயா எழுதி வாங்கியாந்தே?” என்றவர், கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினார்.

கிணற்று மேட்டில் தகரக் கொட்டகை ஒன்று புதிதாக இருந்தது. உள்ளே மோட்டார். பைக்காரா மின்நிலையத்திலிருந்து கம்பி வழியாக வந்து மில்லில் ரிங் பிரேமைச் சுற்றுகிற அதே கரண்டு இங்கேயும் வந்து சேர்ந்திருந்தது. பொத்தானை அமுக்கினால் யானைத் தும்பிக்கை கனத்துக்குத் தண்ணீர் கொட்டுகிறது. எருதுகள் இறங்கி ஏறின சரிவில் மிளகாய் காயப் போட்டிருந்தார்கள்.

“எருதுக எங்கீங்க?”

“வண்டிக்குப் பூட்டிப்போட்டேன். மில்லுக்குப் பஞ்சு மூட்டை போகுதல்ல, அதுக்கு. அதுகளுக்காச்சும் வேற ஒரு வேலை இருந்துது,” என்றார் கவுண்டர். நல்ல மனுஷர். ஒரு வள்ளம் கம்பு கொடுத்து அனுப்பினார். திரும்புகிற வழியில் கட்டுத்தறியில் நின்ற இரண்டு எருதுகளும் மருதாசலத்தை அடையாளம் கண்டுகொண்டு கழுத்தை நீட்டின. அவன் தடவிக் கொடுத்தான். சர்ட்டிபிகேட் இல்லாத எருதுகள் வேலையில் இருந்தன. அதை நினைத்தால் அவனுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மேலும் நாலைந்து தோட்டங்கள் ஏறி இறங்கினான். கரண்டு வந்த இடத்தில் மோட்டார் இருந்தது. கரண்டு வராத இடத்தில் கிணற்றில் தண்ணீர் இல்லை.

ஆடி மாதம் நூலுக்குக் கிராக்கி திரும்பிற்று. மில்லில் இரண்டு ஷிப்டு மூன்றாகி, ஆள் எடுத்தார்கள். நஞ்சுண்டன் ஓடி வந்து சொன்னான். தேறாதவன் என்பதால் அவன் வேலையில் சௌகரியமாக இருந்தான். சாயங்கால நேரத்தில் மேஸ்திரிமார் அவனிடம் ஜாதகம் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். மருதாசலம் குளித்து, திருநீறு பூசி, கேட்டில் போய் நின்றான். பெயரைப் பார்த்ததும் அவனை இலாகாவுக்கு அனுப்பினார்கள்.

“இரண்டாவது தொழில் கையில் இருக்கிறவனுக்கு முதல் தொழில் தர விதி இல்லை. ஒருத்தனுக்கு இரண்டு, இன்னொருத்தனுக்கு ஒன்றுமில்லை என்றால் நியாயமா?” என்றார் சுப்பையன்.

அந்தத் தொழிலே இப்போது உலகத்தில் இல்லை என்று மருதாசலம் மன்றாடினான். தொழில் இல்லாமல் போகலாம், சர்ட்டிபிகேட் இருக்கிறதே என்றார் சுப்பையன். கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றான். நகல் இலாகாவில் இருக்கிறது என்றார். அவன் கண் கலங்குவதைப் பார்த்து அவருக்கும் இரக்கம் வந்துவிட்டது. விதிகளைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். மறுபரீட்சை எழுதி, அந்தத் தொழில் தனக்கு மறந்துபோய்விட்டது என்று ருசுப்படுத்தினால், சர்ட்டிபிகேட் ரத்தாகும், மில் வேலை கிடைக்கும். ஆனால் வேண்டுமென்றே தோற்கிற மோசடி நடக்காமலிருக்க, இந்தத் தடவை நிஜக் கிணறு, நிஜ எருது.

பூவாத்தாள் அன்றைக்கு மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். புருஷன் தோற்க வேண்டுமென்று. வாயில்லா ஜீவன் முன்னால் வாய் திறக்காமல் மரம் மாதிரி நில், அவ்வளவுதான் வேலை என்று நஞ்சுண்டன் யோசனை சொல்லிக் கொடுத்தான்.

மில் கட்டின இடம் முன்னொரு காலத்தில் தோட்டமாக இருந்தது. பாய்லர் கொட்டகைக்குப் பின்னால் அந்தத் தோட்டத்துக் கிணறும் கல்தூணும் உருளையும் அப்படியே இருந்தன. வடமும் பறியும் கொண்டுவந்து மாட்டினார்கள். எருதுக்கு எங்கே போகிறதென்று சுப்பையன் வெளியே பார்த்தார். பஞ்சு மூட்டை இறக்க வந்த வண்டி ஒன்று நின்றது. அவிழ்த்துக் கொண்டுவரச் சொன்னார். பாலுசாமிக் கவுண்டர் வண்டி அது.

பழைய எருதுகள்தான் என்று பார்த்ததுமே மருதாசலத்துக்குத் தெரிந்துவிட்டது. அவை அவனைப் பார்த்துக் காதை ஆட்டின. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூடியிருந்த வாயை இன்னும் இறுக்கிக்கொண்டு, மரமாய் நின்றான். தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்து, ஆரம்பிக்கலாம் என்றார்.

மருதாசலம் ஆரம்பிக்கவில்லை. காற்றில் உருளை அசைந்து கீச்சென்றது, அவ்வளவுதான். சொல்லாமல் கொள்ளாமல் எருதுகள் இரண்டும் தலையைக் குனிந்து சரிவில் இறங்கின. வடம் விறைத்தது. ஒன்பது வருஷமாக நிஜக் கிணற்று வடத்தைப் பார்த்திராத அவன் உடம்பு, அவனைக் கேட்காமல், ஓடிப்போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. பறி மேலே வந்து, குபுகுபுவென்று தண்ணீர் கொட்டிற்று. எருதுகள் நின்றன, பின்னாலேயே நடந்து ஏறின, மறுபடி இறங்கின. பத்துப் பறி ஆயிற்று, பதினைந்து ஆயிற்று. வாயைத் திறக்கவில்லை அவன். நீர் வாய்க்கால் இல்லாமல் பாய்லர் கொட்டகைக்குள் புகுந்தது. பிட்டர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். மருதாசலத்துக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய சங்கடம், சந்தோஷமாகவும் இருந்தது.

வாய் பேசாமலே மிருகங்களை நடத்துகிற அபூர்வ சாமர்த்தியம் என்று எழுதி, விசேஷ முதல் வகுப்பு கொடுத்தார் தாசில்தார். இப்பேர்ப்பட்ட நிபுணனை ரிங் பிரேமில் நிறுத்துவது தேசத்துக்கு நஷ்டம் என்று சுப்பையன் குறிப்பெழுதி, அவனுடைய மில் விண்ணப்பத்தை நிரந்தரமாகத் தள்ளினார்.

இரண்டாவது சர்ட்டிபிகேட்டும் கையுமாக மருதாசலம் கேட்டுக்கு வெளியே வந்தான். புளியமரத்தடியில் பூவாத்தாள் தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள். மூன்று ஷிப்டு ஆனதும் கூட்டம் மூன்று பங்கு. சந்தகை பிழிகிற மர அச்சின் நீளப் பிடியை அமுக்குவதற்கு ஆண்பிள்ளை பலம் வேண்டும். அவள் நின்று அமுக்கி, ஓடிவந்து வழித்து, இலையில் போட்டு, மறுபடி ஓடினாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“தேறிப்போட்டீங்களா?” என்றாள்.

“ஆமா.”

“உங்களுக்கு ஒரு காரியத்தையும் ஒழுங்காத் தோக்கத் தெரியாது. சேரி, அந்தக் காயிதத்தை அடுப்புக்கு அக்கட்ட வெச்சுப்போட்டு இதைப் புடிங்க.”

அவன் பிடியில் ஏறி உட்கார்ந்தான். வடத்தில் உட்கார்ந்த அதே இடம் தொடையில் பொருந்திற்று. கீழே வெள்ளை வெளேரென்று சந்தகை இறங்கிற்று. ஒரு நாழிகையில் ஐம்பது இலை போட்டார்கள். ரிங் பிரேம் சத்தம் மதில் சுவரைத் தாண்டிக் கேட்டபோது மட்டும் அவன் விரல்கள் அறுந்த இழையைத் தேடின. அது போகக் கொஞ்ச நாள் ஆகும்.

ஆவணி கடைசியில் நூல் விலை மறுபடி விழுந்தது. இந்தத் தடவை சிக்கனம் ஆபீசிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று டைரக்டர்கள் சொன்னார்கள். யாரை அனுப்பினால் பாவமில்லை என்று ராவ்பகதூர் யோசித்தார். ஆபீசிலேயே பெரிய பரீட்சை தேறினவர் யார் என்று பார்த்தார். சுப்பையன், பி.ஏ. ஒருவர்தான் இருந்தார். அன்று ராத்திரியும் ராவ்பகதூர் இரண்டு தரம் சாதம் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் சுப்பையன் புளியமரத்தடிக்கு வந்தார். ஆபீஸ் பை இல்லை. கூட்டம் கலைகிற வரைக்கும் ஓரமாக நின்றார். பிறகு மருதாசலத்தின் பக்கத்தில் வந்து, மெதுவான குரலில், இங்கே ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்டார். மாமனார் வீட்டிலும் கையை விரித்துவிட்டார்களாம். நேற்று மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை என்பது சொல்லாமலே தெரிந்தது.

மருதாசலம் பிடியிலிருந்து இறங்கினான். அவனுக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. வந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

“ஏனுங்க, உங்களுக்கு வேற தொழில் ஏதாச்சும் தெரியுமுங்களா?” என்று கேட்டான்.

“பரீட்சை வைக்கத் தெரியும்,” என்றார் சுப்பையன். உள்ளதைச் சொன்னார்.

“அப்ப ஒரு பரீட்சை வெச்சுத்தானுங்க பாக்கோணும்.”

“வகுறு காயற மனுசங்கிட்டப் போயி என்ன பரீட்சை?” என்று பூவாத்தாள் புருஷனை அதட்டிவிட்டு, இலையைப் போட்டு, நாலு கொத்துச் சந்தகையும் கிண்ணம் நிறையத் தேங்காய்ப்பாலும் வைத்தாள். சுப்பையன் தலை நிமிராமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தாமாகவே பிடியைப் பிடித்தார். முழுப் பலத்தையும் போட்டு அமுக்கினார். சந்தகை நூலாக வரவில்லை. துண்டு துண்டாக அறுந்து, பாதி தட்டிலும் பாதி மண்ணிலும் விழுந்தது. பத்தொன்பதாம் விதி எழுதின கையால் மண்ணில் விழுந்ததைப் பொறுக்க ஆரம்பித்தார்.

பூவாத்தாள் குனிந்து அந்தத் துண்டுகளைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

“நீங்க தேறலீங்க,” என்றாள். “அதனால வேலை உண்டுங்க. நாளைக்கு வெள்ளெனவே வந்துருங்க.”